நாலாவது காலுக்குக் கால் சுற்று

நாங்கள் கால் செய்கிறவர்கள். அசைந்தால் கெட்டுப்போகிற ஆய்வுக் கருவிகளுக்கு அடியில் வைக்கிற கால்கள். கீழே ஒரு எஃகுத் தட்டு, அதன்மேல் மூன்று அடுக்கு ரப்பர், நடுவில் சுருள்வில், மேலே மரை போட்ட தண்டு. தண்டை வலப்பக்கம் திருப்பினால் கால் உயரும், இடப்பக்கம் திருப்பினால் தாழும். முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். நான்கு கால்களும் மட்டத்துக்கு வந்ததும் நட்டை இறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதற்குப் பிறகு தெருவில் லாரி போனால், அந்த அதிர்வு தரை வழியாக வந்து ரப்பரில் ஏறும்; ஏறிய இடத்திலேயே களைத்துப் படுத்துவிடும். லாரி போனது கருவிக்குத் தெரியாது.

கால் கம்பெனி என்றால் ஆட்கள் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தோம். "கால் அளவு எடுக்க வந்திருக்கோம்" என்று என் மச்சான் சொன்னதும், வாசலில் இருந்த காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டார். மச்சான் சளைக்கவில்லை. முட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது இன்னும் பத்து வருஷம் ஓடும்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மச்சான் என்பது என் தங்கையின் கணவர். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பட்டறை, ஒரே வேன். அவர் எனக்கும் சேர்த்துப் பேசுவார். நான் எதையாவது சொல்ல நினைத்து, சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். அதனால் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. பதினெட்டு நாளைக்கு முன் நாங்கள் நான்கு கால்கள் போட்டுவிட்டு வந்த ஆய்வுக்கூடம். நாலாவது கால் இறங்குகிறது, உடனே வரவேண்டும் என்றார்கள்.

அந்தக் காலைச் செய்தது நான்தான். நானே மரை போட்டு, ரப்பரை அடுக்கி, எடையை ஏற்றி ஒரு வாரம் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். புது ரப்பர் முதல் சில நாட்களுக்குக் கொஞ்சம் அமுங்கும். பிறகு நின்றுவிடும். இறங்கிக்கொண்டே இருக்கிற கால் ஒன்றைப் பதினான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை. வேனில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் திறந்தா முத்து கொட்டிடுமா மச்சான்?"

"யோசிக்கிறேன்."

"யோசி, யோசி. ஊருக்கெல்லாம் கால் போட்டோம், கடைசியில கால் நம்மளக் கால வாரிடுச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அந்தக் கருவி கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. படி இறங்கினால் குழாய்கள் ஓடும் ஒரு நீண்ட நடை. அதன் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். வெளியறையில் ஒரு மேசை, பெரிய திரை, இரண்டு நாற்காலிகள். உள்ளறைக்கு ஒரு கனமான கதவு. உள்ளே தரையோடு ஒட்டாமல், சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டு, மண்ணுக்குள்ளிருந்து எழுப்பிய கான்கிரீட் மேடை. அறையில் யார் நடந்தாலும் மேடைக்குச் சேதி போகாது. மேடைமேல் எங்கள் நான்கு கால்கள், மூலைக்கு ஒன்றாக. கால்களின் மேல் கறுப்புக் கல் பலகை. பலகைமேல் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் தலைமுடியைவிட மெல்லிய ஒரு இழையில், விரல் நீளத்துக்கு ஒரு குச்சி படுக்கைவசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குச்சியின் ஒரு முனையில் தங்கத் தகடு, நகக்கண் அளவு. மறுமுனையில் அதற்குச் சமமான ஒரு குண்டு.

அதன் சொந்தக்காரர் ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் கயிற்றில் தொங்கும். ஒன்று திரையைப் பார்க்க, ஒன்று எங்களைப் பார்க்க. எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். ஒளி ஒரு பொருளின்மேல் படும்போது அதை எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பது அவர் வேலை. தங்கத் தகட்டில் ஒளி பட்டால் குச்சி துளி திரும்ப வேண்டும். திரும்பினால் திரையில் ஓடும் கோடு ஏற வேண்டும். இதற்காகத்தான் அவருடைய ஒன்பது வருட உழைப்பு.

போன தடவை வந்தபோதே மச்சான் கேட்டிருந்தார். "லைட்டு தள்ளுமா டாக்டர்? வீட்ல பதினஞ்சு வருஷமா டியூப்லைட்டுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். ஒரு நாளும் தள்ளினதில்ல."

"தள்ளிக்கிட்டேதான் இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

இந்த முறை எங்களை நாற்காலியில் உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க கால் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கோடு ரம்பம் மாதிரி இருக்கும். லிஃப்ட் போனா ஒரு பல்லு, மேல யாராவது நாற்காலிய இழுத்தா ஒரு பல்லு. நீங்க போட்டுட்டுப் போன அன்னிக்கு அதெல்லாம் நின்னுடுச்சு. நான் வெளிய போய் முகத்தக் கழுவிட்டு வந்து மறுபடியும் பாத்தேன். நூல் பிடிச்ச மாதிரி இருந்தது." கொஞ்சம் நிறுத்தினார். "மறுநாள் காலையில சாய ஆரம்பிச்சுது."

திரையில் பழைய நாட்களைக் காட்டினார். காலை ஒன்பது மணிக்குக் கோடு மெல்ல ஒரு பக்கம் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் நிற்கிறது. ஒரு மணிக்கு நேராகிறது. இரண்டு மணிக்கு மறுபடி இறங்குகிறது. ஆறு மணிக்கு ஏறி நேராகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அதே கதை. இறங்குவது எப்போதும் நாலாவது கால் இருக்கும் மூலைப் பக்கம்.

"நேரத்துக்குச் சாப்பிடப் போற கால இப்பதான் பாக்குறேன்" என்றார் மச்சான்.

"ஒரு மணிக்குக் கட்டடமே காலியாயிடும். பாரம் குறைஞ்சதும் கால் தூக்கிக்குது. எல்லாரும் திரும்பி வந்ததும் அமுங்குது. எனக்கு அப்படித்தான் தோணுது. ஒளி தள்ளுற தள்ளும் இந்தச் சாய்வும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?"

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அறைகளை ஒதுக்குகிற கமிட்டி வருகிறது. மூன்று பேர். அவர்கள் கண்முன்னால் ஒரு மணி நேரம் கோடு அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் அறை அவருக்கு. சாய்ந்தால் அறை வேறொரு குழுவுக்குப் போகிறது. குடுவையை உடைக்காமல் வெளியே எடுக்க வழி இல்லை.

"சாப்பாட்டு நேரத்துல பாக்கச் சொல்லலாமே" என்றேன். அங்கே வந்த பிறகு நான் பேசிய முதல் வார்த்தை.

"வேலை நேரத்துல நிக்காத கருவிய வெச்சு என்ன பண்றதுன்னு கேப்பாங்க. அது நியாயந்தானே?"

அன்று முழுவதும் நான் மேடையோரம் படுத்துக் கிடந்தேன். குமிழ் மட்டத்தைப் பலகைமேல் வைத்தேன். குமிழ் நடுவில், நகரவே இல்லை. "உங்க குமிழுக்குத் தெரியாதது என் கோட்டுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். அதுவும் சரிதான். வேனிலிருந்த புதுக் கால் ஒன்றை எடுத்து, பலகையை ஜாக்கியில் தாங்கி, நாலாவதை மாற்றினோம். அப்படியேதான் சாய்ந்தது. பிறகு இரண்டாவது காலையும் நாலாவது காலையும் இடம் மாற்றினோம். குற்றம் காலில் இருந்தால் சாய்வும் அதோடு போக வேண்டும். போகவில்லை. அதே மூலை.

நான் வேலை செய்த நேரமெல்லாம் டாக்டர் தன் முக்காலியில், மேடைக்கு ஒரு முழம் தள்ளி, நாலாவது மூலைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அது அவர் வழக்கமான இடம். மடியில் நோட்டு. பக்கத்தில் ஒரு சின்னத் திரை. கருவியைத் தனியே விட அவருக்கு மனசு வராது என்று தெரிந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். தொடமாட்டார்கள், கண்ணையும் எடுக்கமாட்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. மச்சான் உள்ளே போவது என்றும், நானும் டாக்டரும் வெளியறையில் பெரிய திரையைப் பார்ப்பது என்றும் முடிவாயிற்று. நாலாவது காலைக் கால் சுற்று, கால் சுற்றாக உயர்த்திக்கொண்டே போய், கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டாக்டர் வேலை நேரத்தில் உள்ளறைக்கு வெளியே உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்.

"நேரா இருக்கே" என்றார் அவர், உட்கார்ந்ததும். மணி பத்து. சாய்ந்திருக்க வேண்டிய கோடு கம்பிபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப சாயும் பாருங்க" என்று மச்சான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். சொன்னபடியே சில நிமிடங்களில் கோடு இறங்கத் தொடங்கியது. வழக்கத்தைவிட அதிகமாகவே.

உள்ளே சுவரில் ஒரு போன் உண்டு. அதன் மணியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மணி அடித்தால் கோடு துள்ளும். அதனால் உள்ளே இருப்பவர்தான் வெளியே கூப்பிட முடியும். மச்சான் கூப்பிட்டார். கரகரவென்று இரைச்சல்.

"நாலாவது கால, கால் சுத்து சுத்திட்டு வாங்க" என்றார் டாக்டர்.

"சரி டாக்டர்" என்று கேட்டது. போனை வைத்துவிட்டார்.

நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கருவி எதற்கும் உடனே பதில் சொல்லாது. இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். இறங்கிய கோடு அப்படியே கிடந்தது. பிறகு ஏறியது. நேர்கோட்டைத் தொட்டது. தொட்டு நிற்காமல் மேலே போயிற்று. மேலே போய், வளைந்து, மறுபடி இறங்கியது. நேர்கோட்டைத் தாண்டிக் கீழே ஒரு பள்ளம். பிறகு மறுபடி ஒரு மேடு.

டாக்டரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. "எல்லாக் காலையும் திருப்புறார்" என்றார். "நாலையும் திருப்புறார். மட்டமே போச்சு. நாளைக்கு அவங்க வர்றாங்க." எழுந்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றேன்.

எனக்கு ஏதோ உறுத்தியது. காலைத் திருப்பினால் கோட்டில் ஒரு உதை தெரியும். ஸ்பேனர் நட்டைப் பற்றும்போது ஒன்று, விடும்போது ஒன்று. எவ்வளவு பக்குவமான கையாக இருந்தாலும் அந்த உதை விழும். எத்தனையோ திரைகளில் பார்த்திருக்கிறேன். இந்தக் கோட்டில் உதையே இல்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் அவ்வளவு மெதுவாக வளைந்திருந்தது. இரண்டு மேடு, இரண்டு பள்ளம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

கதவு திறந்து மச்சான் வந்தார். முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"எத்தனை சுத்து சுத்தினீங்க?" டாக்டரின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஒரு சுத்துதான் டாக்டர்."

"முழுசா ஒரு சுத்தா? கால் சுத்துன்னுதானே சொன்னேன்."

"கால் சுத்தா? நாலு காலையும் சுத்திட்டு வாங்கன்னுதானே சொன்னீங்க. சுத்திட்டு வந்துட்டேன். ஒவ்வொரு கால்கிட்டயும் உக்காந்து, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, பொறுமையாத்தான் வந்தேன். எல்லாக் காலும் நல்லாத்தான் இருக்கு."

"நட்ட எதுலயாச்சும் கை வெச்சீங்களா?"

"எங்க வைக்கிறது? ஸ்பேனர இங்கயே விட்டுட்டுப் போயிட்டேன். அதோ இருக்கு பாருங்க."

ஸ்பேனர் திரைக்குப் பக்கத்தில் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அந்த நேரத்தில் திரையில் கோடு மெல்லத் தணிந்து, நேர்கோட்டுக்கு வந்து, அங்கேயே ஓடத் தொடங்கியது.

ஒரு மனிதர் ஒரு மேடையைச் சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. மேடைமேல் கண்ணாடிக்குள், காற்றே இல்லாத இடத்தில் தொங்கும் ஒரு குச்சி அவர் போன பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறது.

டாக்டர் உட்கார்ந்தார். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டார்; இரண்டையும் கழற்றினார்.

"உங்க எடை என்ன?" என்றார்.

"எழுபத்தெட்டு" என்றார் மச்சான். கொஞ்சம் பொறுத்து, "அது வீட்ல சொல்ற கணக்கு டாக்டர். எண்பத்து மூணு" என்றார்.

"பொருள் எல்லாத்துக்கும் இழுக்குற குணம் உண்டு. பெரிசு பெரிசா இழுக்கும், சின்னது சின்னதா இழுக்கும். குச்சியோட எந்த முனை உங்களுக்குக் கிட்ட இருக்கோ அத நீங்க இழுத்திருக்கீங்க. மூலைக்கு மூலை பக்கம் மாறும். அதான் ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம்."

"பூமி இழுக்கும்னு படிச்சிருக்கேன். நானுமா?"

"நீங்களுந்தான்."

"சும்மா நின்னாலுமா?"

"சும்மா நின்னாலும், தூங்கினாலும். நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்."

மச்சான் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "உன் தங்கச்சிகிட்ட சொல்லணும் மச்சான். எனக்கு ஒரு ஈர்ப்பும் இல்லன்னு இனிமே அவ சொல்ல முடியாது" என்றார்.

டாக்டர் அதைக் கேட்கவில்லை. அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணி. ஒரு மணி. இரண்டு மணி. ஆறு மணி. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நேரங்கள் அவர் கையெழுத்தில் இருந்தன. கோடு சாய்ந்த நேரம் என்று எழுதியிருந்தார். புரட்டுவது நின்றது.

"நான் வர்ற நேரம்" என்றார். "நான் சாப்பிடப் போற நேரம்."

நிச்சயம் செய்துகொள்ளாமல் விடுகிறவர் இல்லை அவர். உடம்பின் சூடாக இருக்கலாம், மூச்சாக இருக்கலாம் என்றார். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சைத் தடுக்க அடுக்கி வைத்திருந்த ஈயக் கட்டிகளைக் கேட்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் பதினொரு கிலோ. டாக்டரின் எடை ஐம்பத்தைந்து, ஐந்து கட்டிகள். உள்ளறையின் குளிர்ச்சிக்கு அவை வரும்வரை ஓரமாக வைத்துக் காத்திருந்தோம். பிறகு நானும் மச்சானும் ஐந்தையும் தூக்கி அவருடைய முக்காலியின்மேல் அடுக்கிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

ஈயத்துக்குச் சூடு இல்லை, மூச்சும் இல்லை. கோடு மெல்ல இறங்கியது. பதினெட்டு நாளும் காலை ஒன்பது மணிக்கு எந்த இடத்தில் போய் நின்றதோ, சரியாக அந்த இடத்தில் போய் நின்றது.

டாக்டர் நோட்டை மூடினார். "சூடு, காத்து, மின்சாரம், தரை, எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். உங்க காலயும் சந்தேகப்பட்டேன். முன்னாடி அதிர்வு அதிகமா இருந்ததால இது தெரியல. நீங்க அத நிறுத்தினதும் தெரிய ஆரம்பிச்சுடுச்சு." பிறகு, யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல், "ஒன்பது வருஷமா இதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

என் காலைப் பற்றிய பழி போய்விட்டது. அது அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

கட்டிகளை வெளியே எடுத்த பிறகு, நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க நான் உள்ளே போனேன். முதுகு வலியோடுதான். நான்கும் இறுக்கமாக இருந்தன. வெளியே சொல்வதற்காகப் போனை எடுத்தேன். "அங்கயே ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. உங்களையும் ஒருமுறை பதிவு பண்ணிக்கிறேன்" என்றார் டாக்டர்.

நின்றேன். அந்த அறையில் சத்தமே கிடையாது. கண்ணாடிக்குள் குச்சி அசைவது கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு சிறிய அசைவு. ஆனால் அசைகிறது என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் செய்யவில்லை. எதையும் சொல்லவில்லை, எதையும் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் அறைகளின் ஓரத்தில் அப்படித்தான் நின்றிருக்கிறேன். கல்யாண வீட்டிலும், பட்டறைக் கூட்டத்திலும். நான் வந்ததும் போனதும் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு வருத்தம் உண்டு, ஒரு நிம்மதியும் உண்டு. இப்போது ஒரு தங்கத் தகடு என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நான் நின்ற எல்லா அறைகளிலும் சுவரும், கதவும், மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரும் அந்தத் துளி அளவு என்னை நோக்கி இழுபட்டிருக்கின்றன. நானும் அவற்றை நோக்கி. தொட்டில் ஆட்டும்போது தங்கையின் குழந்தை என்னை இழுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஐந்து நிமிடம் முடிந்திருக்கும். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் முடியாது.

வெளியே வந்தபோது மச்சான் திரையைக் காட்டி, "அறுபத்து நாலு கிலோ. சரியா?" என்றார். வளைவின் ஆழத்தை அளந்து டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். சரிதான் என்று தலையாட்டினேன்.

வியாழக்கிழமை நாங்கள் வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வந்தோம். டாக்டரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. காலையிலேயே உள்ளறையைப் பூட்டிவிட்டு, சாவியை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். பெரிய திரைக்கு முன் நான்கைந்து நாற்காலிகள் கூடியிருந்தன.

கமிட்டித் தலைவர் உயரமான மனிதர், அவசரக்காரர். மற்ற இரண்டு பேர் அவருக்குப் பின்னால். வந்ததும், "முதல்ல கருவியப் பாத்துடுவோம்" என்றார்.

"ஒரு மணி நேரம் முடிஞ்சதும் பாக்கலாம். இப்ப யாரும் உள்ள போகக் கூடாது."

"பாக்காம எப்படி முடிவு சொல்றது?" உள்ளே போய்த்தான் தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"நீங்க போனா கோடு சாயும் சார்."

"நான் எதையும் தொட மாட்டேன்."

"தெரியும். அப்பவும் சாயும்."

அவர் டாக்டரைப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று பார்த்திருக்க வேண்டும். "எவ்வளவு சாயும்?" என்றார்.

"எண்பது கிலோவுக்கு எவ்வளவோ அவ்வளவு. உங்க எடையச் சொன்னா முன்கூட்டியே எழுதிக் காட்டிடுவேன்."

பின்னால் நின்ற ஒருவர் இருமினார். தலைவர் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு டாக்டர் திரையில் ஒரு குறி வைத்தார். கோடு ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் பத்து நிமிடம் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் மேலே எங்கோ லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். கோடு அதைக் கேட்கவில்லை. என் கால்கள் அங்கே, பூட்டிய கதவுக்குப் பின்னால், லிஃப்டை வாங்கித் தங்களுக்குள் வைத்துக்கொண்டன. நாற்பதாவது நிமிடத்தில் டாக்டர் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போக வேண்டும்போல் அவருக்கு இருந்திருக்கும். நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரை அப்படி நான் பார்த்தது தங்கையின் முதல் பிரசவத்தன்று மட்டும்தான்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. கோடு வைத்த இடத்திலேயே இருந்தது.

"சரி. அசையல" என்றார் தலைவர். "அசையாததப் பாத்தாச்சு. இனிமே என்ன?"

டாக்டர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேலே வைத்தார். அதில் ஒரே ஒரு விசை. உள்ளே குடுவைக்கு எதிரே பொருத்திய விளக்கின் விசை. அதை அழுத்தினார்.

இரண்டு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு கோடு தலை தூக்கியது. ஏறியது. ஒரு விரல் அகலம் ஏறி, அங்கே போய் நின்று, அங்கேயே ஓடத் தொடங்கியது. அணைத்தார். இறங்கி, பழைய இடத்துக்கு வந்தது.

"என்ன அது?" என்றார் தலைவர்.

"வெளிச்சம்" என்றார் டாக்டர். "தகட்டத் தள்ளுது."

தலைவர் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நான் போடலாமா?"

"போடுங்க."

அவர் விசையை ஒரு விரலால், ஏதோ உடைந்துவிடும்போல் மெதுவாக அழுத்தினார். காத்திருந்தார். கோடு ஏறியது. அணைத்தார். இறங்கியது. மறுபடி அழுத்தினார். மூன்றாம் தடவை கோடு ஏறும்போது அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் முன்னால் குனிந்து, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைவூட்டினார்.

"ம்" என்றார் தலைவர், அசையாமல்.

"அப்ப இந்த ரூம்?"

"எந்த ரூம்?" என்று கேட்டு, கோடு மேலே போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவங்க இங்கயே இருக்கட்டும். அவங்களுக்கு வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்க விசையை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

டாக்டர் அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.